அம்மா பேசிய ஒரு முழ நாடா

தம்பி,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அதை நீட்டும்போதே, "சிங்கப்பூர்லேருந்து லா. மகனுக்குக் கல்யாணமாமே, தோட்டமெல்லாம் பேசிக்கிறாங்க, நீங்க சொல்லவே இல்ல?" என்றார். எனக்கே தெரியாததை அவரிடம் எப்படிச் சொல்வது? பல்லைக் காட்டிவிட்டு வாங்கிக்கொண்டேன். தொழிற்சாலையில் ட்ரையருக்குப் பக்கத்தில், தேயிலை காயும் சூட்டில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். பெண்ணின் பெயர், அவள் வேலை பார்க்கும் இடம், கோயில், முகூர்த்த நேரம் எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம் தம்பி. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மீதியைப் படித்த பிறகு இந்த வார்த்தையை நீ நம்பாமல் போகலாம்.

கடைசிப் பக்கத்தில் ஒன்று கேட்டிருக்கிறாய். பக்கத்து வீட்டு மாரியாயி மகள் கல்யாணத்து வீடியோ டேப்பை வரும்போது கொண்டுவரச் சொல்கிறாய். சிங்கப்பூரில் அவர்கள் சொந்தக்காரர் வீட்டில் நீ பார்த்த பிரதியின் மேல் அந்த வீட்டுக்காரர்கள் மல்யுத்தம் பதிந்துவிட்டார்கள், இங்கே இருக்கும் அசல்தான் மிச்சம் என்கிறாய். அங்கே இப்போது படத்தை ஆடாமல் அசையாமல் நிறுத்தும் மஷின் வந்திருக்கிறதாம். உனக்கு வரப்போகும் பெண்ணின் அண்ணனுக்குக் காது கேட்காதாம், உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவாராம். அம்மா அந்தக் கேமராவைப் பார்த்து என்ன சொன்னாள் என்று அவரை வைத்துக் கண்டுபிடிக்கப் போகிறாய். இதே கேள்வியை ஐந்து வருஷத்துக்கு முன்பும் நீ எழுதிக் கேட்டாய். பதில் வரவில்லை. நீயும் மறுபடி கேட்கவில்லை.

இரண்டு விஷயம் சொல்லவேண்டும். அந்த டேப்பில் இப்போது உன் அம்மா இல்லை. அதற்குக் காரணம் நான். இன்னொன்று, அவள் சொன்னதைக் கண்டுபிடிக்க யாருடைய கண்ணும் தேவையில்லை. அவள் பேசியபோது பத்தடி தூரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். இதையெல்லாம் நான் ஒரே மூச்சில் எழுதிவிட்டால் கவரை ஒட்டிவிட்டுத் தூங்கப் போய்விடலாம். ஆனால் அப்படி எழுதினால் நான் செய்தது சின்னதாகத் தெரியும். அது சின்னதில்லை. அதனால் பொறுமையாகப் படி.

கிளப்புக்கு வீடியோ மஷின் வந்தபோது நீ இங்கேதான் இருந்தாய். தோட்டத்துச் சனங்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கியது, ஆனால் பெட்டிச் சாவி என் இடுப்பில். சனிக்கிழமை படம் போடுவதற்கு நான் மஷினைத் துடைத்து, வயரைச் சொருகி, டேப்பை உள்ளே தள்ளுகிற வரைக்கும் இருநூறு பேர் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ட்ரையர் முன்னால் அடுப்புச் சூட்டில் வேகிற ஆளுக்கு அது போதாதா? மண்டைக் கனம் ஏறிவிட்டது. கதாநாயகி முகம் பக்கத்தில் வந்தால் பையன்கள் எல்லாம், "அண்ணே, நிறுத்துங்கண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க" என்று கெஞ்சுவார்கள். நிறுத்த மாட்டேன். "நிறுத்தி வச்சா தலை தேஞ்சிடும் லா. ஒங்கப்பனா வந்து புதுசு வாங்கி வைப்பான்?" என்று கத்துவேன். அது உண்மையும்கூட. படத்தை நிறுத்தினால் நாடாதான் நிற்கிறது, உள்ளே நாடாவைப் படிக்கும் தலை சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் மஷினே பயந்துகொண்டு விட்டுவிடும். ஒரு சனிக்கிழமை நீ எனக்குத் தெரியாமல் அந்தப் பொத்தானை அழுத்தினாய். எல்லார் முன்னாலும் உன் கையில் அடித்தேன். மீசை முளைத்த பிள்ளையை அப்படி அடித்திருக்கக்கூடாது. அன்றைக்கு ராத்திரி உன் அம்மா என்னோடு பேசவில்லை.

அதற்கடுத்த வருஷம் நீ கிளம்பினாய். இலை அரைக்கும் பகுதியில் உனக்கு ஓர் இடம் கேட்டு நான் கிராணி, துரை எல்லாரிடமும் போய் நின்றிருந்தேன். நீ, "எனக்கு இந்தத் தோட்டமே வேணாம்பா" என்றாய். நான் பட்ட கஷ்டத்தை மட்டும் பார்த்தேன். "போனா இந்த வாசப்படி மிதிக்காத" என்றேன். நீ மிதிக்கவில்லை. ரோஷத்தில் நீ என் பிள்ளைதான், அதில் சந்தேகமில்லை.

உன் கடிதங்கள் அம்மா பேருக்கு வரும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டுவேன். பதில் மட்டும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாரியாயி மகள்தான் எழுதிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், என் புருஷன் போட்ட சத்தத்தை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று உன் அம்மா எப்படி எழுதச் சொல்வாள்? வீட்டு வழக்கு வெளியே போய்விடுமே. அதனால் சுகம், சாப்பிடு, குளிரில் நிற்காதே என்றே எல்லாக் கடிதமும் போனது. பிறகு அந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் ஆகி அவள் தெலுக் இந்தானுக்குப் போய்விட்டாள். அந்தக் கல்யாணத்தில் எடுத்த வீடியோதான் நீ கேட்பது.

கல்யாணத்துக்குப் பிறகு தீபாவளி. தீபாவளி கழிந்து மழை. அந்த மழையில்தான் உன் அம்மா போனாள். மூன்று நாள் நெஞ்சுச் சளி என்றாள், கொழுந்து பறிக்கப் போகாமல் படுத்திருந்தாள். நான்காம் நாள் காலையில் மூச்சு வாங்கியது. லோரியில் ஏற்றிக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் தலை என் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு லோரி வந்து நின்றபோது நான், "எந்திரி, வந்துட்டோம்" என்றேன். அவள் எந்த வளைவில் போனாள் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தந்தி அடித்தேன். தாப்பாவிலிருந்து மலையேறும் ரோட்டில் மண் சரிந்து நீ வந்து சேர்வதற்குள் எரித்து முடித்துவிட்டோம். நீ மூன்று நாள் இருந்தாய். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாறாம் நாளுக்குக்கூட நிற்காமல் போய்விட்டாய். போகும்போது நான் உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். கதவுக்குப் பின்னால் நின்று நீ ஷூ மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டும். மாலை போட்டு, விளக்கு வைத்து, முன்னால் படையல் போட ஒரு முகம் வேண்டுமே. எங்கள் கல்யாணப் படத்தில் இந்த ஊர் ஈரம் பூசணம் பூத்து அவள் பக்கம் முழுதும் வெள்ளையாகிவிட்டிருந்தது. என் முகம் மட்டும் நன்றாக இருந்தது, வேடிக்கையைப் பார். இருபத்திரண்டு வருஷத்தில் அவளை ஒரு தரம் போட்டோக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகத் தோன்றவில்லை எனக்கு. அப்போதுதான் மாரியாயி அந்த டேப்பைக் கொண்டுவந்து கொடுத்து, "அண்ணே, இதுல அண்ணி இருக்காங்க. டிவியில நிறுத்தி போட்டோ புடிச்சிக்கலாம்னு சொல்றாங்க. எடுத்துக்குங்க, நீங்களே வச்சிக்குங்க" என்றாள்.

தானா ராத்தா போட்டோக் கடைச் சீனரைக் கூட்டி வந்தேன். முதல் தடவை அவர் கேமரா விளக்கைப் போட்டு எடுத்துவிட்டார். கழுவிப் பார்த்தால் டிவி கண்ணாடியில் பளீரென்று ஒரு வெள்ளை உருண்டை, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. தலையில் அடித்துக்கொண்டு மறுபடி வந்தார். இந்த முறை மூன்று கால் ஸ்டாண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு கிளப் ஜன்னல்களில் எல்லாம் கம்பளிகளைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். வெளியே வெயில், உள்ளே நானும் அவரும் டிவியும்.

டேப்பில் அவள் வருவது சமையல் கொட்டகையில். வாழை இலை துடைத்துக்கொண்டிருக்கிறாள். வீடியோக்காரன் பக்கத்தில் போனதும் எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கேமராவுக்கு நேராக வந்து நின்று பேசுகிறாள். பேசி முடித்ததும் தலையைத் திருப்பிப் பக்கத்தில் யாரையோ பார்க்கிறாள். அவ்வளவுதான், மொத்தம் இருபது விநாடி. பேசுகிற சத்தம் இல்லை. ஈப்போ வீடியோக்காரன் எல்லாச் சத்தத்தையும் எடுத்துவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டான். நீதான் பார்த்திருக்கிறாயே.

"எது வேணும், நிறுத்துங்க அண்ணே" என்றார் சீனர். நிறுத்தினேன். ஒரு கண் மூடி, வாய் கோணலாக, யாரோ ஒரு பொம்பிளை. இது என் பெண்டாட்டி இல்லை என்றேன். ஒரு தட்டுத் தட்டி அடுத்த படத்துக்கு நகர்த்தினேன். அதுவும் அவள் இல்லை. ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம் ஓடுகிறது என்றார் சீனர். ஓடவிட்டால் உன் அம்மா, நிறுத்தினால் வேறு யாரோ. மேலேயும் கீழேயும் வெள்ளைக் கோடுகள் வேறு நடுங்குகின்றன. ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறொரு பயம் வந்தது. இதுதான் அவள் முகம் என்று சொல்வதற்கு எனக்கு எந்த முகம் தெரியும்? சோறு போடும்போது நான் தட்டைப் பார்த்தேன். பேசும்போது பேப்பரைப் பார்த்தேன். சனிக்கிழமை மஷினைப் பார்த்தேன். யாராவது வந்து உன் மனைவிக்கு மோவாயில் மச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால் டிவியைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பேன். இடது பக்கம், தம்பி.

சீனர் ஓர் இடத்தில் கையை நீட்டி, "இது நல்லா அண்ணே. நேரா பாக்குது. இது எடுக்கலாம் லா" என்றார். உண்மைதான். கோடு எதுவும் முகத்தில் விழவில்லை. கண் இரண்டும் திறந்து, பார்க்கிறவனை நேராகப் பார்க்கிறாள். ஆனால் வாய் திறந்திருக்கிறது, வார்த்தையின் நடுவில் நிற்கிறது. நேராகப் பார்க்கிற படம் எதை நிறுத்தினாலும் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அந்த வார்த்தை எது என்று எனக்குத் தெரியும். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி நான் தினமும் எப்படிச் சோறு தின்பேன்? "வாய் தொறந்திருக்கு, சொந்தக்காரங்க ஒரு மாதிரி பேசுவாங்க" என்று சீனரிடம் சாக்குச் சொன்னேன். தட்டிக்கொண்டே போய் கடைசியில் அவள் தலையைத் திருப்பிய இடத்தில் நிறுத்தினேன். வாய் மூடியிருந்தது. அதையே எடுக்கச் சொன்னேன். பதினாறாம் நாள் வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், படையல் போடுகிற படத்தில் ஆள் நேராகப் பார்க்க வேண்டாமா, இது என்ன எங்கேயோ பார்க்கிறாள் என்று. உனக்கு ஒரு பிரதி அனுப்பினேன். நீயும் அதையேதான் எழுதினாய். அவள் எங்கேயோ பார்க்கவில்லை. கொட்டகைக்கு விறகு கொண்டுவந்து போட்டுவிட்டு நின்றிருந்த என்னைப் பார்க்கிறாள்.

சீனர் போன பிறகும் நான் கம்பளிகளை எடுக்கவில்லை. அவள் பேசுகிற இடத்துக்குப் போய் நிறுத்தினேன். ஐந்து நிமிஷத்தில் மஷின் விட்டுவிட்டது. மறுபடி நிறுத்தினேன். இருநூறு பேரிடம் தலை தேயும் என்று கத்தியவன் அன்றைக்கு எத்தனை முறை நிறுத்தினேன் என்று எண்ணவில்லை. முதலில் அவள் முகத்தில் வெள்ளைப் பொட்டுகள் விழுந்தன. பிறகு முகமே கிழிந்து கிழிந்து வந்தது. அப்புறம் உள்ளே மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால் நாடாவை மஷின் தின்றிருந்தது. கசங்கிய பகுதியைக் கத்தரித்து எடுத்தேன். கையில் அளந்தால் ஒரு முழம் இருந்தது. மீதியை செலோ டேப் போட்டு ஒட்டினேன். இப்போது ஓட்டினால் வாழை இலைக் கட்டு தெரியும், உடனே நாதஸ்வரக்காரர் வருவார். நடுவில் ஒருவரும் இல்லை.

அந்த ஒரு முழத்தை நான் வைத்திருந்தால் அங்கே உள்ள ஆட்கள் எப்படியாவது சரிசெய்திருப்பார்களோ என்னவோ. மறுநாள் வேலைக்குப் போனபோது ட்ரையர் அடுப்பில் போட்டுவிட்டேன். மஷின் தின்றது தற்செயல் என்று சாமி மேல் சத்தியம் செய்வேன். ஆனால் அடுப்பில் போட்டபோது மனசுக்கு லேசாக இருந்தது தம்பி. இனிமேல் யாரும் பார்க்க முடியாது என்று இருந்தது. அன்றையிலிருந்து இன்றுவரை அந்த லேசை நினைத்து நான் வெட்கப்படாத நாள் இல்லை.

இங்கே நான் தனியாக இருக்கிறேன் என்று எழுதினால் அடி போடுகிறான் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். அடுத்த வருஷம் வேலைக்கு வயசு முடிகிறது, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும். இப்போது வீட்டுக்கு வீடு வீடியோ வந்துவிட்டது, கிளப்புக்கு எவனும் வருவதில்லை. சனிக்கிழமை நானும் வாட்ச்மேனும் உட்கார்ந்து படம் பார்க்கிறோம். அவனும் பாதியில் தூங்கிவிடுகிறான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாய் திறக்காமலேயே பொழுது போய், திங்கட்கிழமை காலையில் கங்காணிக்கு வணக்கம் சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது. உன் வீட்டில் வந்து உட்காருவதற்காக இதை எழுதவில்லை. பிரிஞ்சாங்கில் பூத்தோட்டம் வைத்திருப்பவர் காவலுக்கு ஆள் கேட்டிருக்கிறார், ஒரு அறையும் தருகிறார். ஆனால் இவ்வளவு தனிமையில் இருந்த பிறகுதான், ஒருத்தரிடம் ஒரு வார்த்தை போய்ச் சேராமல் இருப்பது என்ன என்று எனக்குப் புரிகிறது.

சரி, சொல்கிறேன். கொட்டகைப் பக்கம் வீடியோக்காரன் வந்தபோது மேளம் ஓய்ந்திருந்தது. உன் அம்மா அவனிடம், "தம்பி, இது சிங்கப்பூருக்குப் போவுமா?" என்று கேட்டாள். "போவும்மா, அங்க சொந்தக்காரங்களுக்கு ஒரு காப்பி போவுது" என்றான். "பேசுனா பேச்சும் போவுமா?" "எல்லாம் போவும்." அவளுக்கு அது போதும். எழுதத் தெரியாத பொம்பிளை, எழுதித் தர மறுத்த புருஷன், நடுவில் அந்நியப் பெண்ணின் கை. இது ஒன்றுதான் அவள் வாயிலிருந்து உன் காதுக்கு நேராகப் போகிற வழி என்று நினைத்தாள். கேமரா முன்னால் வந்து சொன்னது இதுதான்:

"ஐயா, அப்பா கோவத்துல சொன்னத மனசுல வச்சிக்காத. அது அவரு வீடு மட்டும் இல்ல, என் வீடும்தான். நான் கூப்புடுறேன், தீவாளிக்கு வந்துடுய்யா."

சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்திருக்கலாம். சொன்னதைக் கேட்டுவிட்டீர்களா, இனி என்ன செய்வீர்கள் என்று பார்த்திருக்கலாம். நான் விறகை அடுக்கப் போய்விட்டேன்.

இரண்டு மாசம் கழித்து உன் கடிதம் வந்தது. அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். உன் வேலை, உன் ரூம், நீ சமைக்கப் பழகியது எல்லாம் படித்தேன். நடுவில் நீ எழுதியிருந்தாய்: "அம்மா, கல்யாண டேப்பில் உங்களைப் பார்த்தேன். என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறீர்கள். பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. என்னம்மா சொன்னீர்கள்?" அந்த இடத்தைப் படிக்காமல் அடுத்ததற்குப் போய்விட்டேன். படித்திருந்தால் அவள், நான் சொன்னதை எழுதுங்கள் என்று என் கையில் பேனாவைக் கொடுத்திருப்பாள். என் கையாலேயே உன்னை வா என்று எழுதவேண்டியிருக்கும். அந்த வீம்புக்காகத்தான். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

கேட்டுவிட்டு அவள் கடிதத்தை வாங்கி மடித்தாள். பிறகு, "டேப்ப பாத்தானான்னு ஒண்ணும் எழுதலியா?" என்றாள்.

"பாத்தேன்னு எழுதியிருக்கான்" என்றேன்.

"நான் சொன்னத கேட்டிருப்பான்ல?"

"கேட்டிருப்பான்." அந்த டேப்பை நான் கிளப்பில் ஒருநாளும் போட்டுக் காட்டவில்லை, பேச்சின் மேல் பாட்டு ஏறியது அவளுக்குத் தெரியாது.

தீபாவளிக்கு முந்தின நாள் உனக்குப் பிடித்த அதிரசம் சுட்டாள். மூன்று நாள் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்தாள். நான்காம் நாள் அதை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, "கேட்டும் வரலன்னா அவனுக்கு மனசு ஆறலன்னு அர்த்தம். விடுங்க, ஆறட்டும்" என்றாள். ஒரு மாசத்தில் செத்துப்போனாள். நீ அவள் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு வராமல் இருந்தாய் என்றே நினைத்துக்கொண்டு போனாள். நீயோ, கேட்டதற்குப் பதில்கூட எழுதச் சொல்லாத அம்மா என்று நினைத்திருப்பாய். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

நீ குடும்பம் நடத்தப் போகிறாய். அப்பன் என்கிற முறையில் ஏதாவது புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். அந்தப் பெண் படித்தவள், அவளுக்கு வருவதை அவளே படித்துக்கொள்வாள், அவள் சொல்வதை அவளே எழுதிக்கொள்வாள். எனக்கு அதில் பெரிய நிம்மதி. அவள் தலையைத் திருப்பி உன்னைப் பார்த்தால் மட்டும், கையில் இருக்கிற விறகைக் கீழே போட்டுவிட்டு என்ன என்று கேள்.

கல்யாணத்துக்கு நான் வரலாமா கூடாதா என்று எழுது. வராதீர்கள் என்றால் அது உனக்கு நியாயம், எனக்கு வருத்தமிருக்கும், கோபமிருக்காது. திட்டுவதானாலும் தாராளமாகத் திட்டி எழுது. இந்த முறை ஒரு வரி விடாமல் படிப்பேன்.

அப்பா